கம்பத்து மேல் பீங்கானுக்கு என்ன பெயர்?

(திட்டக்குடியில் நூலக வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேசப்போவது ஒரு ஜப்பானியச் சொல்லைப் பற்றி என்று தெரிந்ததும் நண்பர் ஒருவர், "திட்டக்குடிக்கும் ஜப்பானுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார். பதிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இதோ, பழைய ஸ்பார்க் பிளக். இங்கே ஒரு மெக்கானிக் கடையில் கேட்டு வாங்கியது. காசு கொடுத்தேன், "கழிச்சுப் போட்டதுதானே சார்" என்று வாங்க மறுத்துவிட்டார். இதன் உடம்பில் மூன்று எழுத்து அச்சாகியிருக்கிறது: என்.ஜி.கே. டூவீலர் வைத்திருக்கிற யாரும் இந்தப் பெயரை ஒருமுறையாவது உச்சரிக்காமல் இருந்திருக்க முடியாது. "என்.ஜி.கே. பிளக் போடுங்க" என்று சொன்ன அத்தனை பேரும், தங்களுக்குத் தெரியாமலே, இன்று நான் பேசவந்த ஜப்பானியச் சொல்லைச் சொல்லியிருக்கிறீர்கள். நடுவில் நிற்கிற 'ஜி' தான் அது.

நிப்பான் கைஷி கைஷா. இதுதான் விரிவு. நிப்பான் என்றால் ஜப்பான். கைஷா என்றால் கம்பெனி. நடுவிலே உள்ள கைஷி என்றால் இன்சுலேட்டர்; மின்கம்பத்து உச்சியில் கம்பியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் பீங்கான். நம் எழுத்தில் கைஷியும் கைஷாவும் அக்கா தங்கை மாதிரி தெரிகின்றன. ஜப்பானியர் காதில் அப்படி இல்லை. முதலாவதில் வருவது 'காந்தி'யின் க, இரண்டாவதில் வருவது 'கண்ணன்' க. ஒரே எழுத்தில் இரண்டையும் எழுதிப் பழகிய நமக்கு இதைப் பேசித்தான் காட்ட முடியும். அச்சில் வரும்போது வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். ஜப்பானிய மொழியில் புலமை கிடையாது. ஓய்வுபெற்ற பிறகு, பாடப்புத்தகக் கலைச்சொற்கள் மற்ற மொழிகளில் எப்படிப் பிறந்தன என்று தேடுவது ஒரு பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. அதில் மாட்டியதுதான் கைஷி.

இரண்டு சித்திர எழுத்துகளால் ஆனது இந்தச் சொல். இரண்டாவது எழுத்தான 'ஷி'க்குத் தனியே பொருள் 'பிள்ளை'. ஆனால் 'தடைப்பிள்ளை' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். தொப்பிக்கு ஜப்பானில் போஷி, நாற்காலிக்கு இசு, விசிறிக்கு சென்சு. மூன்றிலும் கடைசி எழுத்து இதே பிள்ளைதான். நாம் 'தடு' என்பதோடு 'ஆன்' சேர்த்துத் தடுப்பான் என்கிறோமே, அந்த 'ஆன்' செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. வினையைப் பொருளாக்கிக் கையில் கொடுக்கிற ஒட்டு.

சுவாரசியம் முதல் எழுத்தில் இருக்கிறது. 'கை' என்று ஒலிக்கும் அந்த எழுத்தின் இடப்பக்கம் ஒரு கல். சீன எழுத்துகளில் கல்லைக் குறிக்கும் பகுதி அது. முழு எழுத்துக்குப் பொருள் தடை, இடையூறு. வழியில் கிடந்து காலை மறிப்பது. நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம்: தடைக்கல். பீங்கானும் சுட்டால் கல்தான் என்பதால் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றுகிறது. ஆனால் அது தற்செயல். மின்சாரத்துக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே அந்தக் கல் அந்த எழுத்தில் கிடந்தது.

அப்போது அந்த எழுத்துக்கு என்ன வேலை? பௌத்த நூல்களைச் சீனத்துக்குக் கொண்டுபோனவர்கள், 'ஆவரணம்' என்ற வடசொல்லுக்கு, அதாவது அறிவை மறைக்கிற திரைக்கு, இந்த எழுத்தின் பழைய வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். யுவான் சுவாங் பெயரில் வழங்கும் இருதய சூத்திர மொழிபெயர்ப்பிலும் இது இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் நம் காஞ்சிபுரம் வரை வந்துபோன அதே யுவான் சுவாங் தான். ஜப்பானில் அமிதாப புத்தருக்குள்ள பெயர்களில் ஒன்று 'தடையற்ற ஒளி' என்று பொருள்படும். அங்கும் இதே எழுத்து, முன்னால் ஒரு 'இல்லை' சேர்ந்து நிற்கிறது. ஒளியை மறிக்கும் திரை என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? விருத்தாசலத்தைத் தாண்டி நெய்வேலி வழியாகப் போனால் வடலூர். 1872-இல் வள்ளலார் அமைத்த சத்திய ஞான சபை. தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் நீக்கித்தான் சோதியைக் காட்டுகிறார்கள். கருப்புத் திரையில் தொடங்கி ஒவ்வொன்றாய் விலகுவதைப் பார்த்தவர்களுக்கு ஆவரணம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. வடலூரை மறுபடி பார்ப்போம். அங்கே வேறு ஒரு வேலையும் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்திக் கம்பி வந்தபோது, மின்சாரத்தை மறிக்கும் பீங்கானுக்கு ஜப்பானியர் இந்தத் துறவிச் சொல்லைத்தான் எடுத்துப் பூட்டினார்கள். முதலில் வெளிநாட்டிலிருந்து பீங்கான்களை வரவழைத்தார்கள். 1870 வாக்கில் கியூஷு தீவின் அரிதா என்ற ஊரில், தலைமுறை தலைமுறையாகத் தேநீர்க் கிண்ணமும் பூச்சாடியும் சுட்டு வந்த குயவர்கள், தந்திப் பீங்கானையும் சுடத் தொடங்கினார்கள். அரிதாவில் செய்த அரிதிற்கடத்தி! பாடப்புத்தகத்தில் அரிதிற்கடத்தி என்று மனப்பாடம் செய்தவர்கள் சிரிக்கலாம்.

அந்தப் பாடப்புத்தகச் சொல்லில்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஜப்பானியரிடம் இதற்கு இரண்டு சொல் உண்டு. ரப்பர், கண்ணாடி, உலர்ந்த மரம் என்று மின்சாரத்தை எளிதில் விடாத பொருளுக்கு ஒரு சொல்: செட்சுஎன்தாய். அந்தப் பொருளால் ஆன கருவிக்கு, கம்பத்து மேல் உட்கார்ந்திருப்பதற்கு, வேறு சொல்: கைஷி. செட்சுஎன் என்றால் உறவை அறுப்பது. குடும்பத்தில் மகனைத் தலைமுழுகினாலும் அங்கே அதே சொல்தான். "அவனுக்கும் எனக்கும் செட்சுஎன்" என்று ஓர் அப்பா சொன்னால் பிள்ளையை வீட்டுக்குள் விடமாட்டார் என்று பொருள். மின்பொறியாளர் சொன்னால் கரண்டை விடமாட்டார் என்று பொருள்.

நாம் என்ன செய்தோம்? அரிதிற்கடத்தி, மின்கடத்தாப் பொருள், மின்காப்பான் என்று மூன்று சொல் வைத்துக்கொண்டு பொருளையும் கருவியையும் ஒன்றாகக் கலந்துவிட்டோம். வகுப்பில் "ரப்பர் ஒரு மின்காப்பான்" என்று நானே பல ஆண்டு சொல்லியிருக்கிறேன். கம்பத்து மேல் இருப்பதைக் காட்டி ஒரு பையன் "அது என்ன சார்?" என்றால் அதற்கும் மின்காப்பான் என்றேன். செருப்புக்கும் தோலுக்கும் ஒரே பெயர் வைத்த கதை.

ஆனாலும் தமிழ்ச் சொல்லில் ஒரு பார்வை இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு 'காவலி' என்று பெயர். கடத்தி, காவலி என்று சோடியாக வரும். எவ்வளவு அழகு பாருங்கள். ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன மொழியில் தீவு; சுற்றிலும் பிரித்து நிறுத்துவது. ஜப்பானியர் தடையைப் பார்த்தார்கள். தமிழர் கடலின் இரு கரையிலும் காவலைப் பார்த்தார்கள். பீங்கான் அத்தனையையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால் 'காவலி'யை நாமும் எடுத்துக்கொள்ளலாம், கருவிக்கு மட்டும். பொருளுக்கு அரிதிற்கடத்தி இருக்கட்டும்.

ஜப்பானுக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகோயா நகரில் மேசைப் பாத்திரங்கள் செய்துவந்த ஒரு பீங்கான் கம்பெனிக்கு, அமெரிக்க உயர் அழுத்த இன்சுலேட்டரின் உடைந்த துண்டு ஒன்று வந்து சேர்ந்தது. "இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்டார்கள். விருந்து மேசைத் தட்டுக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. தட்டில் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழி இருந்தால் யாரும் சோறு சாப்பிடாமல் எழுந்துபோக மாட்டார்கள். உயர் அழுத்தப் பீங்கானுக்குள் அது இருந்தால் மின்சாரம் அந்த வழியாகத் துளைத்துக்கொண்டு போய்விடும். நம் லைன்மேன்கள் இதைத்தான் "இன்சுலேட்டர் பஞ்சர்" என்கிறார்கள். அந்தத் துண்டில் தொடங்கிய வேலை வளர்ந்து, 1919-இல் இன்சுலேட்டருக்கென்றே தனிக் கம்பெனி பிரிந்தது. அதுதான் நிப்பான் கைஷி. அதிலிருந்து 1936-இல் ஸ்பார்க் பிளக்குக்கு இன்னொரு கம்பெனி பிரிந்தது. 2023-இல் அது தன் ஆங்கிலப் பெயரை நிட்டெரா என்று மாற்றிக்கொண்டது. பிளக்கின் மேல் உள்ள என்.ஜி.கே. மட்டும் மாறவில்லை. பிளக்குக்குள்ளும் வேலை அதேதான்: பல ஆயிரம் வோல்ட் நடுக்கம்பியிலிருந்து பக்கவாட்டில் ஓடாமல், முனையில் மட்டும் பொறி விழும்படி இந்த வெள்ளைப் பீங்கான் மறிக்கிறது. இந்த வளையங்களைப் பாருங்கள். ஏன் இப்படி வரிவரியாக இருக்கிறது என்று பிறகு சொல்கிறேன்.

நிப்பான் கைஷி இந்தியாவுக்கும் வந்தது. பிர்லா குழுமத்தோடு சேர்ந்து 'பிர்லா என்.ஜி.கே. இன்சுலேட்டர்ஸ்' என்று சில ஆண்டுகள் நடந்து, பிறகு முழுதும் பிர்லா கைக்குப் போனது. அதற்கு மேல் அதில் கதை இல்லை.

கதை அந்த எழுத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-இல் ஜப்பான் அரசு பொது உபயோகத்துக்கு 1,850 சித்திர எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டது. நம் தடைக்கல் எழுத்துக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. இன்சுலேட்டர் கம்பெனி சமாளித்துக்கொண்டது. பதிவுப் பெயரில் பழைய எழுத்து, பலகையிலும் விளம்பரத்திலும் கைஷியை ஒலிக்குறியால் எழுதுவது என்று இரண்டு கணக்கு வைத்துக்கொண்டது. அடி வேறிடத்தில் விழுந்தது. உடற்குறை உள்ளவர்களைக் குறிக்கும் 'ஷோகை' என்ற சொல்லை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்றில் இந்தத் தடை எழுத்து, மற்றதில் அதே ஒலியுள்ள 'தீங்கு' எழுத்து. பட்டியலில் தீங்கு இருந்தது, தடை இல்லை. எனவே அரசுக் காகிதம் அத்தனையிலும் அவர்கள் 'தீங்கு' ஆனார்கள். "எங்கள் வழியில் தடை இருக்கிறது என்று எழுதுங்கள், எங்களைத் தீங்கு என்று எழுதாதீர்கள்" என்பது அவர்களில் பலருடைய கோரிக்கை. 2010-இல் பட்டியலைத் திருத்தி 2,136 எழுத்தாக்கினார்கள். இந்த எழுத்தைப் பற்றிப் பேச்சு நடந்தது, ஆனால் சேர்க்கவில்லை. தகரசுகா நகராட்சி பொறுக்காமல், 2019-இல் தன் ஆவணங்களில் தடை எழுத்துக்கு மாறிக்கொண்டது. ஊனமுற்றோர் என்பதிலிருந்து மாற்றுத்திறனாளி என்பதற்கு நாம் மாறியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சொல்லை மாற்ற மனசு வேண்டும். அவர்களுக்கு அதற்கு மேல் ஓர் எழுத்தும் வேண்டியிருந்தது.

இப்போது நம் மண்ணுக்கு வருகிறேன். 'மண்' என்று சும்மா அழகுக்குச் சொல்லவில்லை. 1935-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாய் ஏதோ வந்ததுதான் நெய்வேலியின் கதை. அந்தப் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற அடுக்குகளில் வெள்ளைக் களிமண் உண்டு. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கமும் பீங்கானுக்கு ஏற்ற களி உண்டு. அந்தக் களியை நம்பித்தான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வந்தது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு கல்லூரியும் வந்தது. வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாய் இருந்த பீஸ் கேரியரை, கிட்கேட் என்போமே அதை, வயதானவர்கள் இழுத்து எடுத்துக் கம்பி சுற்றியிருப்பீர்கள். அந்த மாதிரிச் சின்னச் சாமான்களும், குறைந்த அழுத்த இன்சுலேட்டர்களும், பொம்மை, கோப்பை, அகல்விளக்கும் அங்கே சூளை ஏறின. வடலூரில் சேஷசாயி நிறுவனத்தார் பெரிய இன்சுலேட்டர்களையே செய்தார்கள். திருச்சிப் பக்கத்துக்கு மின்சாரம் கொடுத்த அதே சேஷசாயி சகோதரர்களின் குழுமம். ஏழு திரை விலக்கிச் சோதி காட்டும் ஊரில், சோதிக்குத் தடை போடும் பீங்கானும் வெந்தது. இதற்கு நான் உரை எழுதப் போவதில்லை.

களி, படிகக்கல் மாவு, பெல்ஸ்பார் மூன்றையும் அரைத்துப் பிசைந்து, காற்றை உறிஞ்சி எடுத்து, உருட்டி, கடைந்து, உலர்த்தி, பழுப்புப் பூச்சு கொடுத்து, 1,200 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். உலையிலிருந்து வருவது இழுத்தால் உடையும், நசுக்கினால் தாங்கும். பீங்கானின் குணம் அது. ஆகவே இன்சுலேட்டர் செய்பவனின் சாமர்த்தியம் முழுதும் இழுப்பை நசுக்கலாக மாற்றுவதில் இருக்கிறது. கம்பத்தைச் சாயாமல் இழுத்துக் கட்டுகிற ஸ்டே கம்பியின் நடுவில் ஒரு பீங்கான் உருண்டை பார்த்திருப்பீர்கள். நம் ஆட்கள் அதை 'முட்டை' என்பார்கள். மேல்கம்பி ஒரு துளையில், கீழ்க்கம்பி குறுக்கே இன்னொரு துளையில். இரண்டும் எதிரெதிரே இழுக்க இழுக்க முட்டை நசுங்கத்தான் செய்யும், பிய்யாது. ஒரு வேளை முட்டை உடைந்தாலும் இரண்டு கம்பியும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பதால் கம்பம் சாயாது.

நெய்வேலியிலிருந்து வரும் பெரிய கோபுரங்களில் தட்டுத் தட்டாக மாலை தொங்கும். அது டிஸ்க். தட்டுகளை எண்ணினால் வோல்ட்டை ஊகித்துவிடலாம். பத்துக்குள் இருந்தால் 110 கிலோவோல்ட், இருபதைத் தாண்டினால் 400. பிள்ளைகளோடு பேருந்தில் போகும்போது எண்ணிப் பாருங்கள், செல்போனை விட நன்றாகப் பொழுது போகும்.

வளையத்துக்கு வருகிறேன். நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. கோடை முடிந்து நாலு தூறல் போட்டதும் கரண்ட் போய்விடுகிறது. "மழைத்துளி பட்டதும் ஆஃப் பண்ணிட்டான்" என்று மின்வாரியத்தை வைகிறோம். அவர்களாக நிறுத்துவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பீங்கான் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மாதக்கணக்கில் படிந்த புழுதி காய்ந்திருக்கும் வரை தொல்லை இல்லை. தூறல் அதை நனைத்துச் சேறாக்கும்போது, அந்த ஈரப்படலத்தின் மேல் மின்சாரம் ஊர்ந்து கம்பத்துக்கு இறங்கப் பார்க்கும். ஓங்கி ஒரு மழை கொட்டினால் புழுதி கழுவிக்கொண்டு போய்விடும், பிறகு தொல்லை குறையும். ஊர்கிற பாதையை நீளமாக்கவும், எவ்வளவு சாரல் அடித்தாலும் மடிப்புக்குக் கீழே கொஞ்சமாவது உலர்ந்த இடம் இருக்கவும்தான் அந்தப் பாவாடை மடிப்புகள். கடலூர், சிதம்பரம் பக்கம் புழுதிக்குப் பதில் கடற்காற்றின் உப்பு. அங்கே தொல்லை இன்னும் அதிகம். பிளக்கில் உள்ள வரிகளும் இதே காரணத்துக்குத்தான், அளவில் சிறியவை.

ஒரு பாவத்தையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். சின்ன வயதில் பெண்ணாடம் ரயில்பாதை ஓரத் தந்திக் கம்பங்களில் இருந்த வெள்ளைக் கிண்ணங்களைக் கவண்கல்லால் அடித்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு உடைத்திருக்கிறேன். அதன் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது. "கப்பு" என்போம்.

அந்தக் 'கப்பு' நான் பார்த்த எந்த அகராதியிலும் இந்தப் பொருளில் இல்லை. முட்டை இல்லை. டிஸ்க், பஞ்சர் இல்லை; பின், ஷாக்கிள் என்று லைன்மேன்கள் சொல்லும் மற்ற இன்சுலேட்டர் வகைகளும் இல்லை. கலைச்சொல் பட்டியலில் உள்ள சொல்லைக் கம்பத்தில் ஏறுகிறவர் சொல்வதில்லை. கம்பத்தில் ஏறுகிறவர் சொல்லும் சொல்லைப் பட்டியல் போடுகிறவர் கேட்பதில்லை. ஜப்பானில் பட்டியலில் ஓர் எழுத்தைச் சேர்க்காமல் விட்டார்கள், அதற்காக இன்னும் சண்டை நடக்கிறது. நம் சொற்கள் பட்டியலுக்குள் வந்ததே இல்லை, அதனால் சண்டை போடவும் ஆளில்லை. பீங்கான் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்து நம்மிடம் குடியேறியது. ஆகவே ஷாக்கிளையும் டிஸ்க்கையும் தமிழில்லை என்று தள்ள வேண்டாம்.

இதில் அவசரமும் இருக்கிறது. இப்போது புதுக் கோபுரங்களிலும் கம்பங்களிலும் சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டர்கள் ஏறுகின்றன. இலேசானவை, கல்லால் அடித்தால் உடையாது, மேலே விழும் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாய் உருண்டுவிடும். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பீங்கான் இறங்கினால் பீங்கானோடு வந்த பேச்சும் இறங்கிவிடும். சூளையில் வேலை பார்த்தவர்கள் களியை, கலவையை, வெடித்த சாமானை, வேகாத சாமானை என்னென்ன சொல்லி அழைத்தார்கள் என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தக் கூட்டத்தில் மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணன்கள் இருக்கிறீர்கள். விருத்தாசலம் பேட்டைக்கோ வடலூருக்கோ வேலைக்குப் போய்வந்தவர்களின் பிள்ளைகளும் இருப்பீர்கள். நூலகர் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கம்பத்திலும் சூளையிலும் வழங்கிய சொல் எது நினைவுக்கு வந்தாலும், கொச்சை என்று கூச்சப்படாமல், அது எதைக் குறித்தது, எந்த ஊரில் கேட்டது என்று எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். நோட்டின் முதல் இரண்டு வரியில் கப்பு, முட்டை என்று எழுதியிருக்கிறேன். மற்றபடி காலியாகத்தான் இருக்கிறது.